கைக்கு அடங்கும் போன்தான் எனக்கு வேண்டும்

புது போன் வாங்கியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "இவ்வளவு காசு போட்டுட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுப் பெருசாவே வாங்கியிருக்கலாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் எடுத்தது சாம்சங் கேலக்ஸி எஸ்25. 6.2 அங்குலத் திரை, 162 கிராம். எல்லாரும் எடுக்கச் சொன்னது அதே வரிசையில் உள்ள எஸ்25 அல்ட்ரா. 6.9 அங்குலத் திரை, 218 கிராம், 200 மெகாபிக்சல் கேமரா, 5 மடங்கு ஜூம், உள்ளேயே செருகி வைக்கும் பேனா, பெரிய பேட்டரி. 2025 ஜனவரியில் வந்தபோது சின்னது 80,999 ரூபாய், பெரியது 1,29,999 ரூபாய். "கொஞ்சம்" என்று சொல்கிறார்களே, அது கிட்டத்தட்ட 49,000. கடையில் இருந்த தம்பி எக்ஸ்சேஞ்ச், கார்டு ஆஃபர், இஎம்ஐ எல்லாம் கழித்துக் கூட்டி மாசத்துக்கு இவ்வளவுதான் மேடம் என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆனால் விஷயம் காசு இல்லை. இரண்டும் ஒரே விலை என்றாலும் நான் சின்னதைத்தான் எடுத்திருப்பேன்.

ஏன் என்றால், நான் தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவள். காலை நேரத்தில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். இடது கை மேலே கைப்பிடியில், தோளில் பை, முழங்கையில் சாப்பாட்டுப் பை. மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். அந்த ஒரு கையில்தான் ஆபீஸ் மெயில், அம்மாவுக்குப் பதில், பையனின் ஸ்கூல் குழு எல்லாமே. முன்பு வைத்திருந்தது 6.7 அங்குல போன். அதில் மேலே இடது மூலையில் இருக்கும் பின்செல்லும் அம்புக்குறியைத் தொட வேண்டுமென்றால் என் கட்டைவிரல் எட்டாது. சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்து, போனை உள்ளங்கையில் மெதுவாகக் கீழே நகர்த்தி, ஒரு நொடி பிடி விட்டுத் தொட வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் ரயில் குலுங்கும். கவர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் சேர்த்துக் கால் கிலோவை நெருங்கும் ஒரு பொருளைச் சுண்டுவிரல் தாங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்துவிடுகிறது. பெரிய போன் வைத்திருக்கிறவர்கள் இப்போதே உங்கள் சுண்டுவிரலைப் பாருங்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே காய்கறி வாங்கும்போதும் இதே கதை. ஒரு கையில் கட்டைப்பை, மறு கையில் போன். க்யூஆர் ஸ்கேன் செய்து, தொகை போட்டு, பின் நம்பர் அடித்து, கடைக்காரரின் பெட்டி "ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்கிற வரைக்கும் பையைக் கீழே வைக்காமல் ஒரே கையில் முடிக்க முடிகிறதா என்பதுதான் எனக்குப் பரீட்சை. எஸ்25-இல் முடிகிறது. அகலம் 70.5 மில்லிமீட்டர், அல்ட்ராவில் 77.6. வெறும் 7 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கட்டைவிரல் போனின் அந்தப் பக்க ஓரத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதை அந்த 7 மில்லிமீட்டர்தான் முடிவு செய்கிறது.

கம்பெனிகளுக்கும் இது நன்றாகவே தெரியும். 2014-இல் ஆப்பிள் ஐபோன் 6-ஐ 4.7, 6 பிளஸை 5.5 அங்குலத்துக்குக் கொண்டுபோனபோது, கூடவே ஒரு வசதியையும் கொண்டு வந்தார்கள். ஹோம் பட்டனை லேசாக இரண்டு முறை தொட்டால் மேலே இருப்பது எல்லாம் பாதித் திரைக்குக் கீழே இறங்கி வரும். சாம்சங்கில் மொத்தத் திரையையும் ஒரு மூலைக்குச் சுருக்கிக்கொள்ளும் ஒற்றைக்கை முறை இருக்கிறது. கை எட்டுகிற போனுக்கு இதெல்லாம் எதற்கு?

அங்குலக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரை அளவு என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. போன்கள் ஒல்லியாகவும் நீளமாகவும் ஆகிவிட்டதால், சுற்றியிருந்த கறுப்புப் பட்டை குறைந்ததால், பழைய கணக்கு இப்போது செல்லாது. 2017-இல் வந்த ஐபோன் 8 பிளஸ் 5.5 அங்குலம், ஆனால் அகலம் 78.1 மில்லிமீட்டர், எடை 202 கிராம். 6.2 அங்குல எஸ்25 அதைவிட எல்லாப் பக்கத்திலும் சின்னது. அதனால் வாங்கப் போகிறவர்கள் விவரப் பக்கத்தில் அங்குலத்தை விட்டுவிட்டு அகலத்தையும் எடையையும் பாருங்கள். அந்த இரண்டு எண்ணும் பெரும்பாலும் அடியில் கிடக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும்.

"சின்ன போனை யாரும் வாங்குவதில்லை, அதனால்தான் நிறுத்திவிட்டார்கள்" என்பது அடுத்து வரும் வாதம். உடனே ஐபோன் மினியைக் காட்டுவார்கள். 5.4 அங்குலத்தில் 2020-இல் 12 மினி, 2021-இல் 13 மினி, 2022-இல் மினியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 6.7 அங்குல 14 பிளஸ். உண்மைதான், பெரிதாக விற்கவில்லை. ஆனால் அது வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 2020 கடைசி, கொரோனா. பாதி உலகம் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன போனின் அருமை வெளியே அலைகிறவர்களுக்குத்தான் தெரியும், அந்த வருஷம் அலைய வழியே இல்லை. அதுபோக, அதே ஆண்டு ஏப்ரலில் 4.7 அங்குல ஐபோன் எஸ்இ-யை 42,500 ரூபாய்க்கு விட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்து 12 மினியை 69,900-க்கு விற்றால், சின்னது தேடிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னாடியே வாங்கி முடித்திருப்பார்கள். பேட்டரியும் அதில் சின்னது, நாள் முழுக்கத் தாங்காது என்று அப்போதே விமர்சனங்களில் எழுதினார்கள். ஒரு மாடல் ஓடவில்லை என்பதை வைத்துக்கொண்டு யாருக்குமே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

இதற்கு முன்னால் நடந்ததும் அப்படித்தான். 2013 வாக்கில் கேலக்ஸி எஸ்4 மினி, எச்டிசி ஒன் மினி என்று வந்தன. பெயர்தான் பெரிய போனுடையது, உள்ளே சிப் வேறு, சுமாரானது. சின்னதாக வேண்டுமா, அப்படியென்றால் மட்டமானதை எடுத்துக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். அந்தச் சமயத்தில் சோனி மட்டும் 2014-இல் எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்ட் என்று ஒன்று விட்டது. 4.3 அங்குலத்தில், பெரிய இசட்1-இல் இருந்த அதே ஸ்னாப்டிராகன் 800 சிப், அதே 20.7 மெகாபிக்சல் கேமரா. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும். ஆசுஸ் நிறுவனமும் 2021-இலிருந்து மூன்று தலைமுறை 5.9 அங்குலத்தில் உயர்ரக சிப் வைத்து ஜென்போன் விட்டது. 2024-இல் அவர்களும் 6.78 அங்குலத்துக்குப் போய்விட்டார்கள்.

சரி, சின்ன போனில் குறையே இல்லையா? இருக்கிறது. 4000 எம்ஏஎச் பேட்டரி, அல்ட்ராவில் 5000. இடம் குறைவு, அதனால் பேட்டரி குறைவு, அவ்வளவுதான். மேப் போட்டுக்கொண்டு வெளியே சுற்றும் நாளில் பையில் பவர் பேங்க் எடுத்துப்போகிறேன். சார்ஜ் ஏறுவதும் இதில் 25 வாட், அதில் 45. கோயில் கோபுரத்தின் மேல் நிலைச் சிற்பத்தைக் கீழே நின்று எடுக்க அந்த 5 மடங்கு ஜூம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், என்னுடையதில் 3 மடங்கோடு சரி.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, இதை ஆங்கில விமர்சனங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் "நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறது" என்ற ஒரு சொல்லே கிட்டத்தட்ட ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். கட்டுரை படிக்கும்போது அடிக்கடி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையிலும் எழுத்துகள் நெருக்கமாகத்தான் இருக்கும், முதல் கொஞ்ச நாள் 'ன'வுக்குப் பதில் பக்கத்து எழுத்து விழும். ஆனால் பழகியபின் ஒரு கட்டைவிரலாலேயே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடிக்க முடிகிறது. முந்தைய போனில் இரண்டு கையும் வேண்டியிருந்தது, ரயிலில் அது நடக்கிற காரியமா?

அப்புறம் பாக்கெட். ஆண்களுக்கு இது புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது சைடு பாக்கெட் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குகிறவள் நான். தையல்கார அக்காவிடம் "இன்னும் ரெண்டு விரக்கடை ஆழமா வைங்க" என்றால், "அதுக்கு மேல வெச்சா துணி இழுத்துக்கும்மா, தையலே கோணும்" என்பார். பெரிய போனைப் போட்டால் தலை வெளியே எட்டிப் பார்க்கும், டாப்ஸ் ஒரு பக்கமாக இறங்கும், ஆட்டோவில் உட்கார்ந்தால் தொடையில் குத்தும் அல்லது சீட்டில் நழுவும். அதனால் கைப்பையில் போட வேண்டும், கைப்பையில் போட்டால் அழைப்பு கேட்காது. எஸ்25-இன் நீளம் 146.9 மில்லிமீட்டர், அதே அக்கா தைத்த அதே பாக்கெட்டில் முழுசாக உள்ளே போய்விடுகிறது. இந்த போன்களை வடிவமைக்கிற இடத்தில் பாக்கெட் இல்லாத உடுப்போடு, சின்னக் கையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் எல்லா மாடலும் இப்படி ஒரே திசையில் வளர்ந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரிய போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நானேதான் 6.7 அங்குலம் வாங்கிக் கொடுத்தேன். கண் பார்வை, சீரியல், வீடியோ கால், எல்லாம் வீட்டில் உட்கார்ந்த இடத்தில். லேப்டாப் இல்லாமல் போனிலேயே பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் பெரிய திரைதான் சரி. அவரவர் தேவையைப் பார்த்து எடுக்கட்டும். ஆனால் தேர்ந்தெடுக்க இரண்டும் கடையில் இருக்க வேண்டும் இல்லையா?

சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. பேட்டரியில் வெறும் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் கலந்த கார்பனைப் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள், அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குகிறது. 2025-இல் இங்கே வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலம், 5850 எம்ஏஎச். விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலம், 6500 எம்ஏஎச், அதாவது அல்ட்ராவைவிடவே அதிகம். சின்னதென்றால் பேட்டரி நிற்காது என்ற சாக்கு இனி எடுபடாது. இரண்டும் 185 கிராம் பக்கம் வருவதால் நான் எஸ்25-இலேயே நின்றுவிட்டேன், எனக்கு எடைதான் முக்கியம்.

ஆனால் விலையைப் பாருங்கள். அந்த இரண்டுமே 54,999 ரூபாயில் ஆரம்பித்தவை. 2025-இல் ஐபோன் 16இ வந்தபோது 59,900. போன வாரம் எங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அக்கா என் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கையிலேயே நிக்குதேம்மா, எனக்கும் இந்த மாதிரி சின்னதா ஒண்ணு பதினஞ்சாயிரத்துக்குள்ள பாத்துச் சொல்லு" என்றார். அவருக்கும் என்னைப் போலத்தான் சின்னக் கை, இரண்டு பஸ் மாறி வருகிறவர், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அந்த விலையில் நான் பார்த்ததெல்லாம் 6.5, 6.7, 6.8 அங்குலம், 190 கிராம் பக்கம். கைக்கு அடங்கும் போன் என்பது அரை லட்சம் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது, எனக்கு இதில்தான் உண்மையான கோபம்.

யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். 15,000 ரூபாய், அகலம் 72 மில்லிமீட்டருக்குள், எடை 175 கிராமுக்குள், இரண்டு மூன்று வருஷம் அப்டேட் வரவேண்டும். கேமரா சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். பட்டன் போன் வேண்டாம், அவருக்கு ஜிபே வேண்டும்.