முதலில் யாராவது பார்க்கணும், அவ்வளவுதான் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அவசர உதவி எண் 112-க்குப் போன் வந்தால் ஜீப் கிளம்பும்போதே ஒரு ட்ரோனையும் அனுப்பச் சொல்லி நம் கடலூர் காவல்துறைக்கு மனு கொடுப்போம் என்றேன். "அதுக்குக் கல்யாண போட்டோகிராபரைக் கூப்பிட்டா போதுமேம்மா" என்றார் ஒருவர். மண்டபமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ட்ரோன் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று நான் சொல்லவே இல்லை. ஆபத்தில் இருக்கிறவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று முதலில் யாராவது பார்க்கணும். அதைத்தான் சொன்னேன்.

இது நான் கனவு கண்டு சொன்னதும் இல்லை. கலிபோர்னியாவில் சூலா விஸ்டா என்று ஒரு ஊர். 2018 அக்டோபரிலிருந்து அங்கே போலீஸ் இதைச் செய்கிறது. மொட்டை மாடியில் ட்ரோன் தயாராக நிற்கும், அவசர அழைப்பு வந்ததும் பறக்கும். வண்டியில் போகிற போலீஸ்காரர் போய்ச் சேருவதற்குள் அந்த இடத்தைத் தன் செல்போனிலேயே பார்த்துவிடுவார். கத்தியோடு நிற்கிறானா, வெறுங்கையோடு நிற்கிறானா என்று தெரிந்துகொண்டு இறங்குவார். போகவே தேவையில்லை என்று வண்டியைத் திருப்பிய அழைப்புகளும் உண்டு. அவ்வளவு தூரம் ஏன், சென்னை அடையாறில் 2023-லேயே போலீசுக்கென்று ட்ரோன் பிரிவு தொடங்கிவிட்டார்கள். கடலூர் என்ன பாவம் செய்தது?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்தக் காற்றில் எந்த ட்ரோனும் பறந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மை மூழ்கடித்தது காற்று இல்லையே. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தது. அப்போது காற்று ஓய்ந்துவிட்டது.

என் சித்தி வீடு கண்டக்காடு பக்கம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் ஃபிரிட்ஜில், ஃபிரிட்ஜ் தண்ணீரில். இரண்டு பேரும் மொட்டை மாடியில். "போன் சார்ஜ் போகப்போகுதுடி" என்று சித்தி சொன்னதோடு கட். மஞ்சக்குப்பத்திலிருந்து நான்தான் 112-க்குப் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "லேண்ட்மார்க் சொல்லுங்கம்மா." ரேஷன் கடைக்கு எதிர் சந்து என்றேன். கடை எங்கே இருக்கிறது, சந்து எங்கே இருக்கிறது, எல்லாம் ஒரே வெள்ளம். "அது பாண்டி லிமிட்டா, நம்ம லிமிட்டா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

வண்டி வந்தது, ரோட்டில் தண்ணீர் ஓடும் இடத்தில் நின்றது. படகு இருந்தது, இறங்கத் தயாராக ஆட்களும் இருந்தார்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை தாழங்குடாவிலிருந்து ஃபைபர் போட்டில் வந்த மீனவர்கள் சித்தியின் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். சித்தப்பா நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். உடம்புச் சூட்டைப் பார்க்கிற தெர்மல் கேமரா ஒன்று அந்த ராத்திரி மேலே ஒரு சுற்று சுற்றியிருந்தால் விடிகிறவரை காத்திருக்க வேண்டாமே!

காசு எங்கே என்கிறீர்கள். எதற்கெல்லாமோ இருக்கிறது, இதற்கும் இருக்கும். பேட்டரி அரை மணி நேரம்தான் நிற்கும் என்கிறீர்கள். அரை மணி போதும். ஒரு மாடியைப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

ஒரே ஒரு தம்பி மட்டும் சிரிக்காமல் கேட்டான். "அக்கா, போலீஸ் கையில கேமரா குடுத்தா நம்ம மாடி, நம்ம கொல்லை எல்லாம் பாப்பாங்களே?" அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 2020 ஊரடங்கில் திருப்பூரில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் போலீஸ் ட்ரோன் துரத்திய வீடியோ நினைவிருக்கிறதா? சினிமா காமெடி வசனம் போட்டு ஊரெல்லாம் சுற்றியது. நானும் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பையன்களின் அம்மா எப்படிப் பார்த்திருப்பாள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னது காகிதத்தில் இருக்கிறது. ஆகவே தம்பி, மனுவில் இதையும் எழுதுவோம். அழைப்பு வந்தால் மட்டும் பறக்கணும். எடுத்த வீடியோ யார் போனுக்கும் போகக் கூடாது. வழக்கு இல்லையென்றால் அழிக்கணும். நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தப்பாகப் பயன்படுத்துவார்கள் என்பதற்காகவே வேண்டாம் என்று சொல்லாதே. ராத்திரி முழுக்க அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவளிடம் போய் அதைச் சொல்ல என்னால் முடியாது.

இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ட்ரோனே வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. டிசம்பர் 2 சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, சித்தி தலைக்கு மேலேயே வந்தது. கவர்மெண்ட் அனுப்பிவிட்டது என்று நினைத்து அவள் கட்டியிருந்த சேலைத் தலைப்பை வீசி வீசிக் காட்டியிருக்கிறாள். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. யாரோ வெள்ளத்தை வீடியோ எடுக்க அனுப்பியது. எடுத்தவரை நான் திட்டவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது, யாரிடம் சொல்வது என்றும் தெரிந்திருக்காது. படம் எடுக்கிற ட்ரோன் வந்த ஊருக்கு ஆளைத் தேடுகிற ட்ரோன் வரக் கூடாதா என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கேட்க வந்தேன். கேட்பதற்குள் சிரித்துவிட்டீர்கள்.

அந்த வீடியோவை உங்களில் பல பேர் அப்போது ஷேர் செய்தீர்கள். பின்னால் சோகப் பாட்டு ஓடும். இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆறு, வாழைத்தோப்பு எல்லாம் போன பிறகு ஒரு மொட்டை மாடி வரும். பச்சையாக ஒன்று அசையும். அது என் சித்தி. அவளை அடையாளம் தெரிவதற்குள் கேமரா பாலத்துப் பக்கம் திரும்பிவிடும்.