தீபாவளியன்று ஆகஸ்ட் 15

(மாலை நேரம். கூடத்தில் கொலு. வசந்தி சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். குமரேசன் மடிக்கணினியோடு வருகிறார்.)

குமரேசன்: வீட்டுப் படங்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்கிவிட்டேன். பார்.

வசந்தி: முதல் படத்திலேயே உங்கள் இடுப்பில் பிள்ளை. தேதி 2005 ஜனவரி 1.

குமரேசன்: ஆமாம்.

வசந்தி: நம் திருமணம் 2006-இல். இது யார் பிள்ளை?

குமரேசன்: நம் பிள்ளைதான்! மூக்கைப் பார், அப்படியே உன் அப்பா.

வசந்தி: என் அப்பாவை இழுக்காதீர்கள். திருமணப் படம் எங்கே?

குமரேசன்: கடைசியில். 2019.

வசந்தி: ஆக, கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தாலி கட்டப் பதினான்கு வருடம் காக்க வைத்திருக்கிறீர்கள்.

குமரேசன்: அது ஃபிலிமில் எடுத்தது. ஆல்பத்தை 2019-இல்தான் ஸ்கேன் செய்தோம். ஸ்கேனருக்கு முகூர்த்த நாள் எப்படித் தெரியும்? படத்தின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் எடுத்த தேதிக்கென்று ஒரு வரி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அதில் எழுதிவிடலாம்.

வசந்தி: என் தங்கையின் வளைகாப்பும் அவள் மகளின் காதுகுத்தும் ஒரே நாளில் இருக்கின்றனவே?

குமரேசன்: இரண்டையும் ஒரே இரவில் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அனுப்பினாள். அப்படி வரும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி உதிர்ந்துவிடுகிறது. கோப்பின் பெயரில் இருப்பது அனுப்பிய நாள். டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் தப்பியிருக்கும்.

வசந்தி: அவள் சிக்கனக்காரி, ஒரே செலவில் முடித்திருப்பாள் என்று நினைத்தேன். சரி, 2005-க்கு என்ன சமாதானம்?

குமரேசன்: கேமராவின் பேட்டரியைக் கழற்றி மாதக்கணக்கில் பீரோவில் வைத்திருந்தோம். உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுபோய், மறுபடி போட்டதும் பழைய தேதிக்கே போய்விட்டது.

வசந்தி: தேதி என்ன என்று கேட்டிருக்குமே?

குமரேசன்: கேட்டது. அவசரத்தில் ஓகே என்று அழுத்திவிட்டேன்.

வசந்தி: பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் சொன்னீர்கள்.

குமரேசன்: இந்த வரிசையில் 300 படங்கள். ஒன்றின் சரியான தேதி கிடைத்தால் போதும். எக்ஸிஃப்டூல் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அத்தனை படங்களையும் ஒரே கட்டளையில் அதே அளவு முன்னே தள்ளிவிடும். இதோ, என் தலைக்குப் பின்னால் தினசரி காலண்டர்! பெரிதாக்குகிறேன்... சிவப்பில் 15. ஆகஸ்ட் 2009!

வசந்தி: பிள்ளை கையில் என்ன?

குமரேசன்: மத்தாப்பு.

வசந்தி: சுதந்திர தினத்துக்கு மத்தாப்பு, புதுச்சட்டை, நெற்றியில் எண்ணெய். இந்த வீட்டில் காலண்டர் கிழிப்பது யார் வேலை?

குமரேசன்: (குரல் இறங்கி) என் வேலை.

வசந்தி: இரண்டு மாதம் கிழிக்கவில்லை.

குமரேசன்: வருடமாவது சரிதானே! 2009 தீபாவளி அக்டோபர் 17. கேமரா காட்டுவது 2005 ஜனவரி 1. வித்தியாசம் 4 வருடம், 9 மாதம், 16 நாள். தள்ளிவிட்டேன். பார், பிள்ளை திருமணத்துக்குப் பின்னால் வந்துவிட்டான்!

வசந்தி: என் மானம் பிழைத்தது. திருத்திய நாளையும் எங்கேயாவது குறித்துவையுங்கள்.

குமரேசன்: குறிக்கிறேன். (சுவரைப் பார்த்து) மார்ச்... 3.

(வசந்தி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, கொலுவைத் திரும்பிப் பார்க்கிறார்.)