ஜூன் மாதத்து மரக்கன்றுகள்

ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வந்தால், கொழும்புச் சங்கங்கள் பஸ் பிடித்து பதுளைப் பக்கம் போய், காட்டுத்தீயில் கருகிய சரிவுகளில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் தெரிவுசெய்யும் மாதம்தான் தவறு. நாம் வெள்ளவத்தையில் குடையோடு நடக்கும் அந்த நாட்களில், அதே தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்டு சூடேறி, பதுளை அடங்கிய ஊவாவுக்குள் இறங்குகிறது. அங்கே செப்டெம்பர் வரை வரட்சி. தீ பிடிக்கும் காலமும் அதுவே. ஒக்டோபருக்குப் பின்னரே நல்ல மழை.

இந்தத் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பது. மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்றும், வேட்டைக்காகவும், சில வேளை வெறும் விளையாட்டுக்காகவும் வைக்கிறார்கள். இந்தச் சரிவுகளில் வளரும் மானாப்புல்லின் வேர் மண்ணுக்குள் பிழைத்துக்கொண்டு முதல் மழைக்கே துளிர்க்கும்; மரக்கன்று அப்படிப் பிழைக்காது. எரிய எரியப் புல்லின் பரப்புத்தான் கூடும். போதாக்குறைக்கு, முன்னர் நட்டுவைத்த பைன் தோட்டங்களில் எளிதில் உக்காத ஊசியிலைகள் மெத்தைபோல் குவிந்து கிடக்கின்றன.

தீ மூண்டதும் முதலில் ஓடுபவர்கள் பக்கத்துத் தோட்ட லயத்து இளைஞர்கள். விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் தண்ணீர் வாளியோடு வருவதற்குள், பச்சைக் கிளைகளை முறித்துக்கொண்டு, பலர் ரப்பர் செருப்போடேயே, சரிவில் ஏறிவிடுகிறார்கள். ஓங்கி அடித்தால் பொறி பறந்து அடுத்த பற்றையில் விழும் என்பதால், கிளையைத் தீயின்மேல் அழுத்தி, எரிந்து முடிந்த பக்கமாக இழுக்கிறார்கள். அனர்த்த முகாமைத்துவம் பற்றிய நம் கருத்தரங்குகளில் இவர்களுக்கு ஒரு கதிரைகூடப் போடப்படுவதில்லை.

என் கோரிக்கை இதுதான்: வரட்சி தொடங்குமுன், மே மாதத்திலேயே, மண் தெரியுமட்டும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்ட இவர்களுக்கே கூலி கொடுக்க வேண்டும். காசு கிடைக்கிறது என்று யாராவது தீ வைத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே தீயை அணைத்ததற்கு அல்ல, ஒக்டோபர் வரை எரியாமல் காத்த நிலத்துக்கு ஊக்கத்தொகை கொடுங்கள்.

எரிந்த இடம் முழுவதிலும் கன்று நடவும் தேவையில்லை. ‘பத்தனை’ எனப்படும் மலைப் புல்வெளிகளில் பல நெடுங்காலமாகவே புல்வெளிகள். அவற்றைக் காடாக்க முயல்வது வீண். ஊவாவின் தாழ்ந்த சரிவுகளில் நெல்லியும் கடுக்காயும் வேங்கையும் தீயைத் தாங்கித் திரும்பத் துளிர்க்கக் கூடியவை. சுற்றியுள்ள புல்லை அகற்றி, மாடு மேயாமல் சில ஆண்டுகள் காத்தாலே அவை எழுந்துவிடும். பைன் நிற்கும் இடங்களுக்கும் வழி உண்டு. ஈரவலயமான சிங்கராஜ மழைக்காட்டின் விளிம்பில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியர் 1990களில் பைன் மரங்களை இடையிடையே அகற்றி, அந்த நிழலிலேயே உள்நாட்டு மரங்களை வளர்த்துக் காட்டினார்கள். ஊவாவுக்கு ஏற்ற மரங்கள் வேறு, முறை பொருந்தும்.

எனவே சங்கத்து நண்பர்களே, இந்த முறை பஸ் செலவைக் கோடு வெட்டுபவர்களின் கூலிக்குக் கொடுங்கள். நட்டேதான் ஆக வேண்டுமென்றால் நவம்பரில் போங்கள். சேற்றில் வழுக்கும், அட்டை கடிக்கும், படமும் அவ்வளவு நன்றாக வராது.