வரிசையில் நின்றவர்களிடம் சொல்ல முடியுமா?
பெருந்தொற்றுக் காலத்தில் பதறாமல் இருங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சொல்வது சரிதான். ஆனால் 2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தை வாங்க விடிய விடிய நின்றவர்களிடம் அதைச் சொல்லியிருக்க முடியுமா? சீட்டு எழுதிக் கொடுத்ததே டாக்டர்தானே! இத்தனைக்கும் அந்த மருந்து வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றியும் கூட்டம் குறையவில்லை. தனியார் மருத்துவமனைகளுக்கே நேரடியாகத் தருகிறோம் என்று அரசு அறிவித்த பிறகுதான் வரிசை கலைந்தது.

அப்போது உருப்படியாக உதவியவர்கள் என்றால், ஆக்சிஜன் கிடைக்கும் என்று வாட்ஸப்பில் வந்த நம்பருக்கு முதலில் தாங்களே போன் போட்டு, ஆள் எடுக்கிறாரா, சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பியவர்கள்தான். கபசுரக் குடிநீர் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, அதை விடுங்கள்.