இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு

கிராமத்துச் சர்ச் தொடக்கப் பள்ளிகளில் தரம் போய்விட்டது, ஆசிரியர்களின் அக்கறையின்மைதான் காரணம் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. நானும் திருநெல்வேலிப் பக்கம் அப்படியொரு பள்ளியில் படித்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளில் வகுப்பு, ஒரே கட்டடம். பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் பெரிய டீச்சர் வீட்டுக்கு விடமாட்டார். கையெழுத்து இன்றைக்கும் அவர் புண்ணியம். ஆனால் ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போனபோது இங்கிலீஷில் ஒரு வரி வாசிக்க வராமல் முழித்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். இந்தச் சர்ச் பள்ளிகளைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அப்புறம் ஐந்து வகுப்பையும் இருவரே பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லும்போது ஐந்தாம் வகுப்பு என்ன செய்யும்? பார்த்து எழுதும்! ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்குப் பாடமே கிடையாது. இதைப் பார்த்துத்தான் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றுகிறார்கள். பிள்ளை குறைந்தால் பணியிடமும் போகும்.

2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது நல்ல காரியம். வயிறு நிறைந்தாயிற்று, சரி. மூன்றாவதாக ஒரு டீச்சரை யார் போடுவது? பள்ளியை நடத்தும் சர்ச் நிர்வாகமான மறைமாவட்டமா, அரசா? கட்டுரையாளர் அதை எழுதியிருக்கலாம்.