ஸ்லீப்பிங் டாக்ஸில் முடிவு மாறாது

'நல்ல போலீஸா கெட்ட போலீஸா என்று நாமே முடிவு செய்யலாம், அதை வைத்து ஸ்லீப்பிங் டாக்ஸ் வீடியோ கேமின் கதையே மாறும், பையனுக்கு வாங்கிக் கொடுங்க, நல்லது கெட்டது புரியும்' என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஹாங்காங் கும்பலுக்குள் ரகசியமாக நுழையும் போலீஸ்காரர் வெய் ஷென்னாக எப்படி ஆடினாலும் கதை ஒரே முடிவுக்குத்தான் போகும்.

போலீஸ் புள்ளி, கும்பல் புள்ளி என்று இரண்டு இருப்பது உண்மை. ஆனால் அவை ஒன்றையொன்று குறைக்காது. பொதுமக்களை இடித்தாலோ பொருள்களை உடைத்தாலோ போலீஸ் புள்ளி குறையும், கொடூரமாகச் சண்டை போட்டால் கும்பல் புள்ளி ஏறும், ஒரே மிஷனில் (கேமில் முடிக்கவேண்டிய ஒரு பணியில்) இரண்டையும் நிறையவே வாங்கலாம், அதில் கிடைப்பது புதிய திறமைகள் மட்டும்தான்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. இது முதலில் ட்ரூ க்ரைம் என்ற போலீஸ் கேம் வரிசையில் வரவேண்டிய கேம். 2011இல் ஆக்டிவிஷன் நிறுவனம் கைவிட்டதை ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் எடுத்து 2012இல் வெளியிட்டது. அவர் சொல்லும் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் கணக்கு 2003, 2005இல் வந்த பழைய ட்ரூ க்ரைம் கேம்களில் இருந்தது. அவற்றில் 2005இல் வந்த நியூயார்க் கேமில் சாட்சிப் பொருளை ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம், அடகுக்கடையில் விற்றும் காசாக்கலாம்.

வெய் ஷென் படும் மனப்போராட்டம் அருமையாக எழுதப்பட்டது, பெரியவர்கள் கண்டிப்பாக ஆடிப் பாருங்கள். பையனுக்கு என்றால் வேண்டாம், வன்முறை ரொம்பக் கடுமை. நம்ம சிங்கப்பூரில் எம்18 முத்திரை உள்ள கேமை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடையில் விற்கவும் கூடாது.