மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழுப்பு நாயின் காணொளிக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். மின்தூக்கியில் ஒரு பையன் மேல் பாய்ந்த நாய். உடனே நாயை அமைதிப்படுத்த ஆளாளுக்கு ஒரு சீன மூலிகைப் பொடியைச் சொன்னார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி, நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினீர்களா? அதற்குக் கிடைத்த பட்டம், 'வெள்ளைக்காரன் மருந்துக்கு வக்காலத்து வாங்குபவள்'.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தொண்டை கட்டினால் அம்மா என்னை அனுப்புவதே எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த சீன மருந்துக் கடைக்குத்தான். பதற்றப்படும் நாய்க்குக் கொடுக்கிற 'சுவான் சாவ் ரென் தாங்' கஷாயம் சீனாவின் ஹான் அரசர்கள் காலத்தது, ஏறக்குறைய 1,800 வருடப் பழையது. ஐந்தே சரக்கு. முதலாவது நம் இலந்தை இனத்தைச் சேர்ந்த மரத்தின் விதை. நமக்குப் பழகிய அதிமதுரமும் உண்டு. மனம் இதயத்தில் குடியிருக்கிறது, அங்கே இரத்தம் குறைந்தால் அது நிலைகொள்ளாது என்பது அவர்கள் கணக்கு. அந்த மருத்துவம் படித்த கால்நடை மருத்துவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். பார்த்துத்தான்! நாயைத் தொடாமல் பொடி கொடுப்பது சீன மருத்துவமே இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் நாய் பொன்னியால் தெரியும். ஏழு வயதில் இடிச் சத்தத்துக்கு நடுங்க ஆரம்பித்தாள். ஒருநாள் பின்னங்காலைத் தொட்ட அக்கா மகனைக் கடிக்க வந்தாள். தெரிந்தவர் சொன்ன பொடியை நாலு மாதம் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். படுத்தே கிடந்தாள். அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒருநாள் எழுந்து நிற்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இடிக்குத் திடுக்கிட்டு உடம்பு இறுகும்போதெல்லாம் அவளுக்கு வலித்திருக்கிறது. வலிக்கு மருந்து கொடுத்த மூன்றாவது வாரம் அதே பையன் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்கிறீர்கள். மனத்தை அமர்த்தும் பழைய சீன மாத்திரைகள் சிலவற்றில் சாதிலிங்கம் சேரும். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். சளி மருந்தில் வரும் மா ஹுவாங் என்ற மூலிகை நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும்.

"ஆங்கில மருந்து மட்டும் யோக்கியமா?" பிரிவைத் தாங்காத நாய்களுக்கு ஃபுளுவாக்செட்டின் என்ற பதற்றம் குறைக்கும் மருந்தை 2007இல் அமெரிக்காவில் அனுமதித்தபோதே, பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த மருந்தையும் பார்க்காமல் கொடுக்கச் சொல்லவில்லையே நான்.

காசில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மையான கஷ்டம். ஆனால் நாலு மாதம் பொடிக்குக் கொடுத்த காசு அந்த எக்ஸ்ரே செலவைவிட அதிகம்.

"பிள்ளை இல்லாதவளுக்கு நாய்தான் பிள்ளை" என்று ஒருவர் எழுதினார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் நாலு பேர் என் வீட்டுத் தீபாவளிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். பொன்னிக்கு உங்கள் காலடிச் சத்தம்கூடத் தெரியும். நான் கேட்ட கேள்வியில் உங்களைக் குத்தியது எது?

பழுப்பு நாய் வீட்டுக்காரருக்கு ஒன்று. உங்களை நான் திட்டவில்லை. அந்த நாலு மாதமும் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. சொல்லுங்கள், மருத்துவரிடம் நானும் கூட வருகிறேன். நாய்க்குப் போடும் வாய்ப்பூட்டு என்னிடம் இருக்கிறது.